அடித்த வரிகளும் வெற்றுக் கித்தானும்

ரவீந்திரநாத் தாகூரையும் வின்ஸ்டன் சர்ச்சிலையும் ஒரே கட்டுரையில் அருகருகே உட்கார வைப்பது பலருக்கு நெருடும். எனக்கும் நெருடல் உண்டு. அதன் காரணத்தைப் பின்னால் மறைக்காமல் எழுதுகிறேன். ஆனாலும் ஒரு விஷயத்தில் இந்த இருவரைப் போல ஒப்பிட்டுப் பார்க்கத் தோதான இன்னொரு ஜோடி எனக்குத் தெரியவில்லை. இருவருமே சொற்களால் உலகப் புகழ் பெற்றவர்கள். இலக்கியத்துக்கான நோபல் பரிசு ஒருவருக்கு 1913இலும் மற்றவருக்கு 1953இலும் கிடைத்தது. இருவருமே முறையாக ஓவியம் கற்காதவர்கள். வாழ்க்கையின் நடுவிலோ பிற்பகுதியிலோ, யாரும் கேட்காமல், பிழைப்புக்கு என்றில்லாமல் வரையத் தொடங்கினார்கள். தொடங்கிய பிறகு விடவே இல்லை. சர்ச்சில் 500க்கு மேற்பட்ட ஓவியங்களையும் தாகூர் 2000க்கு மேற்பட்ட ஓவியங்களையும் விட்டுச் சென்றார்கள்.

'வரைந்து பழகு, உன்னையே நீ கண்டுகொள்வாய்' என்று இன்று பலரும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது என்று நம்புகிறவன் நான். ஆனால் கண்டுகொள்வது எதை, வளர்வது எந்தப் பக்கம் என்று கேட்டால் பதில் ஆளுக்கு ஆள் மாறுகிறது. இந்த இருவரின் கதையில் அந்த வித்தியாசம் துலக்கமாகத் தெரிகிறது.

1915 மே மாதம் சர்ச்சில் விழுந்தார். டார்டனெல்ஸ் கடற்படைத் தாக்குதல் தோல்வியில் முடிய, கடற்படை அமைச்சர் பதவி பறிபோனது. கையில் அதிகாரமில்லாத ஒரு சிறு பதவியைக் கொடுத்து ஒதுக்கி வைத்தார்கள். போர் நடந்துகொண்டிருக்கிறது, என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும், செய்வதற்கு ஒன்றுமில்லை. நாற்பது வயது. அந்தக் கோடையில் சர்ரே பகுதியில் ஹோ ஃபார்ம் என்ற பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு போய் இருந்தார். அங்கே தம்பி ஜாக்கின் மனைவி க்வெண்டலின் தோட்டத்தில் அமர்ந்து நீர்வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்ததைப் பார்த்தார். பிள்ளைகளின் வண்ணப்பெட்டியை வாங்கித் தானும் முயன்று பார்த்தார். பிடித்துப்போயிற்று. உடனே எண்ணெய் வண்ணம், தூரிகை, கித்தான் எல்லாம் வந்து இறங்கின.

இறங்கிய பிறகு நடந்ததை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். வெள்ளைக் கித்தானின் முன் நின்றவருக்குக் கை எழவில்லை. மிகச் சிறிய தூரிகையில் துளி நீலத்தைத் தொட்டு, வானம் இருக்க வேண்டிய இடத்தில் அவரை விதை அளவுக்கு ஒரு புள்ளி வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். அந்த நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. ஓவியர் ஜான் லாவரியின் மனைவி ஹேஸல் இறங்கி வந்தார். அவரும் ஓவியர். பெரிய தூரிகை ஒன்றைக் கேட்டு வாங்கி, வண்ணத்தில் முக்கி, தயக்கமே இல்லாமல் கித்தானின்மேல் நாலைந்து இழுப்பு இழுத்தார். கித்தான் எதிர்த்து ஒன்றும் செய்யவில்லை என்பதைக் கண்ட சர்ச்சிலுக்குப் பயம் போய்விட்டது. அதன்பின் எந்தக் கித்தானுக்கும் தான் அஞ்சியதில்லை என்கிறார்.

அதே 1915 ஜூனில்தான் பிரிட்டிஷ் அரசு தாகூருக்கு 'சர்' பட்டம் கொடுத்தது. ஒருவர் சரிந்த வேளையில் மற்றவர் அந்தப் பேரரசின் கண்ணுக்கே உச்சியில் இருந்தார். நான்கு ஆண்டுகளில் ஜாலியன்வாலா பாக் படுகொலையைக் கண்டித்து அந்தப் பட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டார்.

தாகூரின் தொடக்கத்துக்கு இப்படி ஒரு தேதியோ ஒரு கார் வந்து நின்ற நொடியோ கிடையாது. வரைய ஆசைப்பட்டுத் தோற்ற நெடுங்காலம் அவருக்கு இருந்தது. 1900இல் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸுக்கு எழுதிய கடிதத்தில், தான் ஒரு வரைபுத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதாகவும், பென்சிலைவிட அழிப்பானுக்கே வேலை அதிகம் என்றும் எழுதினார். ஒன்றுவிட்ட அண்ணனின் மகன்களான அவனீந்திரநாத்தும் ககனேந்திரநாத்தும் புகழ்பெற்ற ஓவியர்கள். சாந்திநிகேதனில் 1919இல் அவரே கலாபவனம் என்ற கலைப் பள்ளியைத் தொடங்கினார். நந்தலால் போஸ் அதை வளர்த்தெடுத்தார். ஓவியம் அவரைச் சுற்றி எங்கும் இருந்தது. அவர் கைக்கு மட்டும் வரவில்லை.

வந்தபோது கையெழுத்துப் பிரதியின் வழியாக வந்தது. எழுதி எழுதி அடிக்கிற கவிஞர் அவர். அடித்த சொற்கள் தாளின்மேல் அநாதையாய்க் கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஓர் அடித்தலிலிருந்து இன்னோர் அடித்தலுக்குக் கோடு இழுத்து இணைத்தார். இணைந்தவை ஒரு பறவையின் கழுத்தாக, ஒரு மிருகத்தின் முதுகாக, ஒரு முகத்தின் பக்கவாட்டாக எழுந்தன. 1924 இறுதியில் பெரு நாட்டுக்குப் போகும் வழியில் உடல்நலம் கெட்டு, பியூனஸ் அயர்ஸ் அருகே சான் இசித்ரோவில், எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போவின் ஏற்பாட்டில் ஓர் ஆற்றங்கரை வீட்டில் தங்க நேர்ந்தது. அப்போது அவருக்கு 63 வயது. 'பூரபி' தொகுப்பின் கவிதைகளை எழுதிக்கொண்டிருந்தார். அந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த ஒகாம்போவுக்குக் கவிதைகள் புரியவில்லை, அது வங்காளி. ஆனால் அடித்தல்களுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த உருவங்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. மொழி தெரியாத ஒருவர்தான் அவற்றை முதலில் ஓவியமாகக் கண்டார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வங்காளி படிக்கத் தெரிந்தவர்கள் அந்தப் பக்கத்தில் கவிதையைத் தேடியிருப்பார்கள்.

1928 வாக்கில் கையெழுத்துப் பிரதியைவிட்டு வெளியேறித் தனித் தாள்களில் வரையத் தொடங்கினார். அதன்பின் வெள்ளம்தான்.

இந்த இரண்டு தொடக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். சர்ச்சிலுக்கு முன்னால் இருந்தது ஒன்றுமே இல்லாத வெளி. அதைக் கைப்பற்ற வேண்டும். 1921 டிசம்பரிலும் 1922 ஜனவரியிலும் 'ஸ்ட்ராண்ட்' இதழில் இரண்டு பகுதிகளாக வந்து, 1948இல் சிறு நூலாகவும் வெளியான அவருடைய ஓவியக் கட்டுரை முழுக்கப் போர்க்களத்தின் சிந்தனை ஓடுகிறது. துணிச்சல் வேண்டும், திட்டம் வேண்டும், கடைசி நேரத்துக்கென்று கொஞ்சம் பலத்தைச் சேமித்து வைக்க வேண்டும் என்கிறார். தளபதி கண்ணுக்கு முன்னால் இருக்கும் நிலத்தைப் பார்ப்பதுபோல ஓவியனும் பார்க்க வேண்டும் என்கிறார். பதவி இழந்த ஒரு மனிதர், தன்னால் ஆளக்கூடிய ஒரு சதுரத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

தாகூருக்கு முன்னால் இருந்ததோ ஏற்கெனவே எழுதி, ஏற்கெனவே தவறாகிப்போன பக்கம். அங்கே கைப்பற்ற ஏதுமில்லை. ஒதுக்கப்பட்டதற்கு ஒரு போக்கிடம் தேட வேண்டும். கோடு எங்கே போகிறது என்று முன்கூட்டித் தெரியாமல் அதன் பின்னாலேயே போனார். தன் கவிதையில் யோசனை முதலில் வரும், வடிவம் பின்னால் வரும். ஓவியத்தில் கோடு முதலில் வருகிறது, அது என்ன என்பது பிறகே தெரிகிறது என்ற பொருளில் நண்பர்களுக்கு எழுதினார். வாழ்நாள் முழுக்கச் சொல்ல வந்ததைத் தெரிந்துகொண்டு சொன்னவர், கடைசிக் காலத்தில் தெரியாமல் சொல்லப் பழகினார். தன் ஓவியங்களுக்குத் தலைப்பு வைக்க மறுத்ததும் அதனால்தான். பொருள் என்ன என்று கேட்டவர்களிடம், படங்களைப் போலவே தானும் மௌனமாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்.

கருவிகளிலும் இந்த வித்தியாசம் தொடர்ந்தது. சர்ச்சில் எண்ணெய் வண்ணத்தை விரும்பினார். நினைத்தது சரியாக வராவிட்டால் சுரண்டி எடுத்துவிட்டு மேலே இன்னொரு பூச்சு பூசலாம். தாக்குதலை எத்தனை முறையும் புதிதாகத் தொடங்கலாம். பளிச்சென்ற நிறங்களின்மேல் அவருக்கு வெறியே இருந்தது. பழுப்பு நிறங்களைப் பார்த்தால் பரிதாபப்பட்டார். தெற்கு பிரான்ஸ், இத்தாலி, மொராக்கோ என்று வெயிலைத் தேடித் தேடிப் போனார். தாகூர் மையை விரும்பினார். பேனா, தூரிகை, துணித்துண்டு, விரல் என்று எது கைக்கு அகப்பட்டதோ அதனால் பூசினார். பெரும்பாலும் ஒரே அமர்வில், வேகமாக முடித்தார். சிவப்பு அவர் கண்ணுக்கு மங்கலாகவே தெரிந்தது என்று அவரை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். அவருடைய ஓவியங்களின் இருட்டு, மண்ணும் புகையும் கலந்த நிறம், திடீரென்று கிழித்துக்கொண்டு வரும் மஞ்சள் ஆகியவற்றுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கண்ணின் குறையை மறைக்க அவர் முயலவில்லை. இருக்கிற பார்வையால் வரைந்தார்.

சர்ச்சிலுக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். ஓவியம் அவரை நிஜமாகவே மாற்றியது. நிழல் கறுப்பு இல்லை, அதற்குள் ஊதாவும் பச்சையும் இருக்கின்றன என்று நாற்பது வயதுக்குப் பிறகு கண்டுபிடித்த ஒருவரின் வியப்பு அந்தக் கட்டுரை முழுக்க இருக்கிறது. மலையோரத்தில் நடந்தால் இலையின் நிறம் மாறுவதும், கட்டடத்தின் சுவரில் வெளிச்சம் விழுவதும் முன்பு கண்ணில் பட்டதே இல்லை என்கிறார். கவலையில் களைத்த மூளைக்கு ஓய்வு வேண்டுமென்றால் சும்மா கிடந்து பயனில்லை. மூளையின் வேறொரு பகுதிக்கு வேலை கொடுக்க வேண்டும், எழுத்தும் படிப்புமே தொழிலாக இருப்பவனுக்குப் புத்தகம்கூட ஓய்வாகாது, கையும் கண்ணும் சேர்ந்து உழைக்கும் ஒன்று வேண்டும் என்கிறார். நாள் முழுதும் எழுத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

இன்னொரு மாற்றமும் உண்டு. அதை அவருடைய வாழ்க்கை வரலாறுகள் போதுமான அளவுக்குச் சொல்வதில்லை என்று நினைக்கிறேன். யார் பேச்சையும் எளிதில் கேட்காத மனிதர், ஓவியத்தில் மாணவராக இருந்தார். ஜான் லாவரியின் கூடத்தில் போய் நின்றார். 1920களின் பிற்பகுதியில் வால்டர் சிக்கர்ட் சொல்லிக்கொடுத்த முறைகளைப் பணிந்து பழகினார். வில்லியம் நிக்கல்சனிடமிருந்து நிறத்தை அடக்கக் கற்றார். தனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள அவருக்கு உலகத்தில் அந்த ஒரே இடம்தான் இருந்ததோ என்னவோ.

இருவரும் ஒளிந்துகொண்டுதான் வெளியே வந்தார்கள். 1921இல் பாரிஸில் காட்டியபோது சர்ச்சில் 'சார்ல்ஸ் மோரின்' என்ற பெயரில் காட்டினார். 1947இல் லண்டன் ராயல் அகாதெமிக்கு 'டேவிட் வின்டர்' என்ற பெயரில் அனுப்பினார். இரண்டு ஓவியங்கள் தேர்வாயின. தாகூர் புனைபெயர் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் முதல் கண்காட்சியைக் கல்கத்தாவில் வைக்கவும் இல்லை. 1930 மே மாதம் பாரிஸின் பிகால் கூடத்தில், ஒகாம்போவின் ஏற்பாட்டில் அது நடந்தது. அங்கிருந்து இங்கிலாந்து, ஜெர்மனி, டென்மார்க், மாஸ்கோ, அமெரிக்கா என்று ஓவியங்கள் பயணம் செய்தன. கவிதைக்கு ஊரறிந்த ஆசானாக இருப்பவர், ஊரறிந்த இடத்தில் கற்றுக்குட்டியாக நிற்பது எளிதில்லை. பெயரை மாற்றிக்கொள்வதும் ஊரை மாற்றிக்கொள்வதும் ஒரே தேவையிலிருந்து வந்தவைதான். புகழ் எட்டாத ஒரு மூலையில் கொஞ்ச காலமாவது தெரியாதவனாக இருந்து பார்க்க வேண்டும். வரைவது ஒரு மனிதரை வளர்க்கிறது என்றால் அந்த வளர்ச்சி முதலில் இங்கிருந்துதான் கிளைக்கிறது என்பது என் துணிபு.

அதற்கப்பால் பாதை பிரிகிறது.

1921 சர்ச்சிலுக்குக் கொடிய ஆண்டு. ஜூனில் தாய் இறந்தார். ஆகஸ்டில், மூன்று வயதுகூட நிறையாத மகள் மேரிகோல்ட் நோயில் இறந்தாள். செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் வடக்கே டன்ராபின் கோட்டையிலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தில், மாலை வெளிச்சத்தில் ஓர் ஆற்றை வரைந்த செய்தியும் குழந்தையை நினைத்து நெஞ்சு வலிக்கும் செய்தியும் அடுத்தடுத்து வருகின்றன. அந்த ஆண்டின் கடைசி மாதத்தில்தான் ஓவியக் கட்டுரையின் முதல் பகுதி வெளியானது. கட்டுரையில் இரண்டு சாவுகளும் இல்லை. மகிழ்ச்சி மட்டுமே இருக்கிறது. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரைந்துகொண்டிருக்கும் நேரத்தில் கவலை உள்ளே வர இடமில்லை என்பதே அவர் கண்ட உண்மை. தன் மனச்சோர்வைக் 'கறுப்பு நாய்' என்று அழைத்த மனிதருக்கு, அந்த நாயைச் சில மணி நேரம் வெளியே கட்டிப்போட ஓவியம் வழி கொடுத்தது. வண்ணங்கள் வெயிலை நோக்கிப் போகப் போக, துக்கம் கித்தானுக்கு வெளியே நின்றது.

தாகூரின் துக்கங்களும் நீண்டவை. அவர் திருமணமான சில மாதங்களில், 1884இல், இளமை முழுதும் தோழியாகவும் முதல் வாசகியாகவும் இருந்த அண்ணி காதம்பரி தேவி தற்கொலை செய்துகொண்டார். பின்னர் 1902இல் மனைவி மிருணாளினி, அடுத்த ஆண்டு மகள் ரேணுகா, 1907இல் மகன் சமீந்திரநாத், 1918இல் மூத்த மகள் மாதுரிலதா. இவற்றைக் கவிதையில் அவர் எழுதாமல் இல்லை. ஆனால் கவிதையில் எழுதும்போது துக்கம் ஓர் இசைக்குள் வந்துவிடுகிறது, ஒரு சமாதானத்தை நோக்கி நகர்கிறது. ஓவியத்தில் அந்தச் சமாதானம் கிடையாது. நீள்வட்ட முகம், நெற்றிவரை இழுத்த முக்காடு, இமைக்காமல் நம்மைப் பார்க்கும் கண்கள் என்று ஒரு பெண் திரும்பத் திரும்ப வருகிறாள். பேசுவதில்லை, சிரிப்பதில்லை. அது காதம்பரிதான் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரு பெயரைச் சொல்லி அந்தக் கண்களை மூடிவிட எனக்கு விருப்பமில்லை. யாராக இருந்தாலும், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொற்கள் வெளியே விடாத ஒருத்தியைக் கோடு வெளியே விட்டது என்பதே எனக்குப் போதும்.

அவள் மட்டும் வரவில்லை. அலகு நீண்ட பிராணிகள், மனித உடலோடு ஒட்டிய பறவைகள், முகமூடி போன்ற முகங்கள், கோபத்தில் முறுகிய உடல்கள், கனவில் வருவது போன்ற ஆசைகள் எல்லாம் வந்தன. உலகம் 'குருதேவ்' என்று கும்பிட்ட வெண்தாடி ஞானிக்குள் இவை இருந்தன என்பதை அவருடைய கவிதைகளை மட்டும் படித்தவர்கள் ஊகித்திருக்க மாட்டார்கள். அவருக்கே அது வியப்பாகத்தான் இருந்தது. எங்கிருந்து வருகின்றன என்று தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். தன்னறிதல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் தன்னைப் பற்றி நல்லதாக ஏதாவது தெரிந்துகொள்வதாகவே இருக்கிறது. தாகூரின் தாள்களில் இருப்பது அப்படிப்பட்டதில்லை. அழைக்காத விருந்தாளிகளை வாசலில் நிறுத்தாமல் உள்ளே வரவிட்டிருக்கிறார். 1937இல், பேத்திக்குச் சொன்ன விசித்திரக் கதைகளைச் 'சே' என்ற நூலாக வெளியிட்டபோது, அந்த விருந்தாளிகளில் சிலரைச் சிரித்த முகத்தோடு அதில் உட்கார வைத்தார்.

இருவரும் தம் சொந்த முகத்தை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதைப் பார்த்தால் இந்தப் பிரிவு இன்னும் கூர்மையாகிறது. 1930களின் நடுவில் தாகூர், அச்சில் வந்த தன் உருவப்படத்தை எடுத்து, அதன்மேலேயே மையும் வண்ணமும் பூசி வரைந்தார். ஒரே புகைப்படம் ஒவ்வொரு தாளிலும் வேறோர் ஆளாகிறது. தாடி கரைகிறது, கண் இருள்கிறது, ஒன்றில் சாந்தம், இன்னொன்றில் பயமுறுத்தும் பார்வை. ஊர் ஊராக அச்சடித்துத் தொங்கவிட்ட அந்தத் திருமுகத்தை அவர் தன் கையாலேயே கலைத்தார். சர்ச்சிலின் 80ஆவது பிறந்தநாளுக்கு, 1954 நவம்பர் 30 அன்று, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவருக்குக் கிரஹாம் சதர்லண்ட் வரைந்த உருவப்படத்தைப் பரிசளித்தது. நாற்காலியில் கனத்து அமர்ந்த, களைத்த, முதிர்ந்த மனிதர் அதில் இருந்தார். சர்ச்சிலுக்கு அதைக் காணவே பிடிக்கவில்லை. பிற்பாடு அவர் மனைவி கிளமென்டைன் அதை அழிக்கச் செய்துவிட்டார். நாற்பது ஆண்டுகள் ஓவியம் பழகி, நிழலுக்குள் நிறத்தைக் கண்ட கண் அது. தன் முகத்தின் நிழலுக்குள் பார்க்க அது பழகியிருக்கவில்லை.

இப்போது என் நெருடலுக்கு வருகிறேன்.

இரண்டாம் உலகப் போரின் ஆண்டுகளில் சர்ச்சில் வரைந்தது ஒரே ஒரு ஓவியம். 1943 ஜனவரியில் காசாபிளாங்கா மாநாடு முடிந்ததும் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டை மராக்கேஷுக்கு அழைத்துப்போய், அட்லஸ் மலைகளின்மேல் வெயில் இறங்குவதைக் காட்டினார். ரூஸ்வெல்ட் கிளம்பிய பிறகு அங்கே தங்கி, குத்துபிய்யா பள்ளிவாசலின் கோபுரத்தையும் பின்னால் பனி மூடிய மலையையும் தீட்டி, அதை ரூஸ்வெல்ட்டுக்கே பரிசாகக் கொடுத்தார். 2021இல் அது 80 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. அழகான ஓவியம்தான். கோபுரத்தில் விழும் வெளிச்சம் அவ்வளவு துல்லியம். கீழே சதுக்கத்தில் மனிதர்கள் சின்னச் சின்னத் தீற்றல்களாக இருக்கிறார்கள்.

அதே 1943இல் வங்காளத்தில் சுமார் 30 லட்சம் பேர் பஞ்சத்தில் மாண்டார்கள். போர்க்காலக் கொள்முதல், விலை ஏற்றம், பர்மா அரிசி நின்றது, புயல், உள்ளூர் நிர்வாகத்தின் கையாலாகாத்தனம் என்று அதற்குக் காரணங்கள் பல. ஆனால் தானியக் கப்பல் கேட்டு இந்தியாவிலிருந்து போன கோரிக்கைகளைச் சர்ச்சிலின் போர் அமைச்சரவை திரும்பத் திரும்ப மறுத்ததும், கொடுத்தபோது குறைத்துக் கொடுத்ததும் ஆவணங்களில் இருக்கின்றன. இந்தியர்களைப் பற்றி அந்த மேசையில் அவர் பேசிய இழிசொற்களை அவருடைய சொந்த அமைச்சர் லியோ ஏமரி நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். தாகூர் அப்போது உயிரோடு இல்லை; 1941 ஆகஸ்ட் 7 அன்று இறந்துவிட்டார். அவர் ஊர் மக்கள்தான் கல்கத்தாவின் நடைபாதைகளில் செத்தார்கள். அவர்களை ஜைனுல் ஆபிதீனும் சித்தப்ரசாத்தும் கறுப்பு மையில் வரைந்தார்கள். சித்தப்ரசாத்தின் 'பசித்த வங்காளம்' என்ற சிறு நூலை ஆட்சியாளர்கள் பறிமுதல் செய்தார்கள்.

ஓவியத்தைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. தாகூரின் மனிதநேயத்துக்கும் ஓவியம் காரணமில்லை. பட்டத்தைத் தூக்கி எறிந்தபோது ஓவியம் இன்னும் அவர் கைக்கு வந்திருக்கவில்லை. என் கேள்வி வேறு. கூர்ந்து பார்க்கக் கற்ற கண், எல்லாவற்றையும் கூர்ந்து பார்க்கும் என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். அது நடப்பதில்லை. கண் திரும்பிய பக்கத்தில் மட்டுமே அது வளர்கிறது. சர்ச்சிலின் கண் வெளிச்சத்தின் பக்கம் திரும்பியது. அங்கே அற்புதமாக வளர்ந்தது. அவருடைய ஓவியங்களில் பெரும்பாலானவை நிலமும் நீரும் கட்டடமுமாக இருக்கின்றன. மனித முகம் அபூர்வம். தாகூரின் கண் இருட்டின் பக்கம் திரும்பியது. அங்கே முகங்கள் காத்திருந்தன. ஒரு கலையைப் பழகியதாலேயே ஒருவர் நல்லவராகிவிடுவார் என்று சொல்லும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மராக்கேஷ் கோபுரம் நினைவுக்கு வருகிறது.

இருவரின் முதுமையையும் பார்க்க வேண்டும். 1945 ஜூலையில் தேர்தலில் தோற்ற சர்ச்சில், செப்டம்பரில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் கித்தானை நிறுத்தினார். நாள்தோறும் வரைந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஹோ ஃபார்மில் காப்பாற்றியது மறுபடியும் காப்பாற்றியது. ஆனால் அவருடைய ஓவியத்துக்கு வெயில் வேண்டும், பயணம் வேண்டும், நின்று வீசுகிற தோள் வேண்டும். பக்கவாதங்கள் வந்து உடல் ஒடுங்க ஒடுங்க வரைவது குறைந்தது. 1960களில் கடைசியாகத் தீட்டியவற்றுள் ஒன்று சார்ட்வெல் வீட்டுத் தோட்டத்துத் தங்கமீன் குளம். அதற்குப் பிந்தைய ஆண்டுகளின் நீண்ட மௌனத்தில் தூரிகை அவருக்கு உதவவில்லை.

தாகூர் 1937 செப்டம்பரில் இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தார். விழித்ததும் தூரிகையும் வண்ணமும் கேட்டார் என்றும், அகப்பட்ட ஒரு மரப்பலகையில் அடர்ந்த இருட்டுக் காட்டின் நடுவே மஞ்சள் வெளிச்சம் கசிவதை வரைந்தார் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. அதன்பிறகும் தொடர்ந்தார், 1940இல் 'சித்ரலிபி' தொகுப்பு வெளிவந்தது. படுக்கையருகே வைக்கக்கூடிய தாளும் மையும் அவருக்குப் போதுமாக இருந்தன.

நடுவயதில் வரையத் தொடங்க விரும்பி, வெள்ளைத் தாளைப் பார்த்துக் கை நடுங்குகிற எவருக்கும் நான் முதலில் கொடுப்பது சர்ச்சிலின் கட்டுரையைத்தான். பயத்தை உடைப்பதற்கு அதைவிட நல்ல எழுத்தை நான் படித்ததில்லை. அவர்மேல் எனக்குள்ள கோபம் அந்தக் கடனை அழித்துவிடாது. ஆறு மாதம் கழித்து அதே ஆள் திரும்பி வந்து, கை பழகிவிட்டது, இனி என்ன வரைவது என்று கேட்டால், 2011இல் நான்கு தொகுதிகளாக வெளிவந்த 'ரவீந்திர சித்ராவளி'யை நூலகத்தில் தேடிப் பார்க்கச் சொல்வேன்.